காயலான் கடை மேசையும் களையெடுக்கும் கருவியும்



இயற்கை விவசாய இதழில் வெல்டிங் மேசையைப் பற்றி எதுக்கு ஒரு பாடம் என்று சிலருக்குத் தோன்றும். காரணம் எளிது. களைக்கொல்லியை விட்டுவிட்டோம் என்றால் களையை எடுக்க ஆள் வேண்டும், அல்லது கருவி வேண்டும். எங்கள் பக்கம், அதாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் வட்டாரத்தில், ஆட்கள் காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் நமக்குக் கருவிதான்.

திருந்திய நெல் சாகுபடி செய்கிறவர்களுக்கு இது தெரியும். 14 நாள் நாற்றை 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்றாக நடுகிறோம். நட்ட 10 முதல் 15 நாளுக்குள் முதல் முறை கோனோ வீடர் ஓட்ட வேண்டும். பிறகு 10 நாளுக்கு ஒரு தரம். அந்த வாரத்தில் வீடரின் கைப்பிடி ஒடிந்தால் என்ன ஆகும்? வெல்டிங் கடைக்காரருக்குக் கேட், கிரில், கம்பெனி ஷெட் என்று கைநிறைய வேலை. நம்முடைய ஐம்பது ரூபாய் வேலைக்கு "நாளன்னைக்கு வாங்க சார்" என்பார். அந்த நாளன்னைக்கு நாலு நாளாகும். அதற்குள் கோரையும் குதிரைவாலியும் வேர் பிடித்துவிடும். பிறகு வீடர் ஓட்டினாலும் பாதி களை சாயாது. விளைச்சலில் அடிபடுவது இந்த நாலு நாளில்தான்.

நான் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வெல்டிங் எனக்குத் தொழில் அல்ல. எங்கள் ஊரில் ஐ.டி.ஐ. படித்த ஒரு தம்பி, ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மேசை வாங்கியதும், நிறுத்தியதும், சரி பண்ணியதும் அவர் துணையோடுதான். அந்த வேலையை ஒழுங்காகப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

மேசை எதற்கு? தரை போதாதா?

இரும்பு சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். வெல்டிங் போட்ட இடம் மட்டும் உருகி ஆறுவதால் அந்தப் பக்கமாக இரும்பு இழுக்கும். இரண்டு ஆங்கிளை மூலமட்டம் வைத்து 90 டிகிரிக்குச் சரியாகப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் ஓட்டுப் போட்டுப் பாருங்கள். ஆறியதும் 88 ஆகியிருக்கும். இதைத் தடுக்க, வேலையைத் தட்டையான, கனமான ஒன்றோடு சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். தரையில் கிளாம்ப் போட முடியாது.

இன்னொன்று, சிமென்ட் தரையில் வைத்து வெல்டிங் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி தரை பொட்டுப் பொட்டென்று வெடித்துத் தெறிக்கும். முகத்துக்கு நேராக வரும். குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தால், என் வயதுக்காரர்களுக்கு எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும்.

கருவி கோணலாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். கோனோ வீடரில் முன்னால் மிதவைத் தட்டும், பின்னால் எதிரெதிராகப் பொருத்திய இரண்டு கூம்பு உருளைகளும் இருக்கின்றன. மிதவை லேசாகத் திருகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தள்ளுகிறவர் தோளும் மணிக்கட்டும் நாள் முழுக்க அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "இந்த வீடர் கனமா இருக்கு" என்று பெண்கள் ஒதுக்கிவைக்கிற பல கருவிகளில் கோளாறு கனத்தில் இல்லை, கோணலில் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஏன் பழைய மேசை கிடைக்கிறது?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக இருக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வந்தன. ஒவ்வொரு பெரிய கம்பெனிக்கும் பின்னால் உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகள் ஏராளம்.

இந்தச் சிறு கம்பெனிகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜிக், ஒரு ஃபிக்சர் இருக்கும். பாகத்தை அசையாமல் பிடித்து வெல்டிங் செய்வதற்கான சட்டம் அது. கார் மாடல் மாறினால் அந்த ஜிக் அன்றோடு பயனற்றது. அடியில் இருக்கும் மேசையும் சேர்ந்து எடைக்குப் போகும். கம்பெனி இடம் மாறினாலும், மூடினாலும் அப்படியே. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் நின்றதையும், மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதையும் பார்த்த பகுதி இது. மூடும் கம்பெனியில் வேலை இழப்பவரின் கதை பெரிய கதை. அதை இங்கே இரண்டு வரியில் எழுதக் கூடாது. அங்கிருந்து வெளியே வரும் இரும்பு எங்கே போகிறது என்பது மட்டும் நம் பாடம். அது காயலான் கடைக்குப் போகிறது.

காயலான் கடைகளில் மூன்று வகை மேசை பார்க்கலாம்.

முதல் வகை, சாதாரண எம்.எஸ். பிளேட் மேல்தளம், ஆங்கிள் அல்லது சதுரக் குழாய்க் கால்கள். நமக்கு இதுவே போதும்.

இரண்டாவது, வரிசையாகத் துளை போட்ட ஃபிக்சர் மேசை. ஜெர்மன் முறையில் செய்தவற்றில் துளை 28 மி.மீ. அல்லது 16 மி.மீ. விட்டத்தில் இருக்கும். துளைக்குள் ஊசி போட்டு எந்தக் கோணத்திலும் பிடிக்கலாம். அருமையான பொருள். எடைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். மேசை விலை சொன்னால் நமக்குக் கட்டாது.

மூன்றாவது, வார்ப்பிரும்பு மட்டப்பலகை அல்லது பழைய மெஷினின் அடித்தளம். மட்டம் துல்லியமாக இருக்கும். ஆனால் வார்ப்பிரும்பில் நமக்கு வேண்டியபடி ஸ்டாப்பரோ, ஆங்கிளோ சும்மா பற்றவைக்க முடியாது, விரிசல் விடும். சுத்தியால் பலமாக அடித்தாலும் உடையும். அளவெடுக்க நல்லது, அடிதடி வேலைக்கு ஆகாது.

வாங்கும் முன் ஏழு சோதனை

வங்கியில் பழைய இயந்திரத்தின் மேல் கடன் கேட்டு வந்தால், காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டோம். நேரில் போய்ப் பார்ப்போம். இதற்கும் அதே முறைதான்.

1. தடிமன். மேல் பிளேட் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. நல்லது. 6 மி.மீ. பிளேட் இரண்டு பருவத்தில் சூட்டில் குழிந்துவிடும். ஓரத்தில் மட்டும் பட்டை வைத்துத் தடிமனாகக் காட்டியிருப்பார்கள்; அடியில் குனிந்து பாருங்கள்.

2. எடை. இரும்பு பிளேட்டின் எடைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. சதுர மீட்டர் × மி.மீ. தடிமன் × 7.85 = கிலோ. 4 அடிக்கு 3 அடி என்றால் 1.115 சதுர மீட்டர். 12 மி.மீ. தடிமனுக்கு 105 கிலோ. 50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, கால்களும் மேல் கீழ்ச் சட்டமும் சேர்ந்து பத்தரை மீட்டர் பிடிக்கும், அது 47 கிலோ. ஆக மேசை ஏறக்குறைய 150 கிலோ. எடை மேடை 200 காட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

3. நேர். மேஸ்திரியிடம் இருக்கும் அலுமினிய மட்டப்பலகையைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டமும் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பலகையே நேரா என்பதை முதலில் சோதியுங்கள்: ஒரு கோடு கிழித்து, பலகையைப் புரட்டிப் போட்டு அதே இரண்டு முனையிலிருந்து மறுபடி கிழித்தால் இரண்டு கோடும் ஒன்றாக விழ வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் சாதாரண ஜெராக்ஸ் பேப்பரை மடித்து நுழைக்கலாம். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ.; பத்துத் தாள் நுழைந்தால் 1 மி.மீ. பண்ணை வேலைக்கு ஒரு மீட்டரில் 1 மி.மீ. பள்ளம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

4. திருகல். இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. அந்தத் தம்பி சொன்னது: "மேனேஜர் சார், மேசை பளபளன்னு இருக்கான்னு பாக்காதீங்க. நாலு மூலையும் ஒரே பேச்சு பேசுதான்னு பாருங்க." நாலு மூலையிலும் ஒரே அளவு நட்டு ஒன்றை வையுங்கள். அவற்றின் மேல் மூலைக்கு மூலை இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிறகு மேல் நூலைக் கீழாகவும் கீழ் நூலை மேலாகவும் மாற்றிப் பாருங்கள். ஒரு முறை இடைவெளியும், மறுமுறை ஒன்றை ஒன்று அழுத்துவதுமாக இருந்தால் மேசை திருகியிருக்கிறது. நடுவில் 1 மி.மீ. இடைவெளி என்றால், மூன்று மூலையை மட்டமாக வைத்தால் நான்காவது மூலை 2 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று பொருள். சிறிய திருகலைக் கால் போல்ட்டிலேயே சரிசெய்யலாம். பிளேட்டில் விழுந்த குழியைச் சரிசெய்ய முடியாது.

5. உலோகம். அடிப்பக்கத்தில் கிரைண்டரை ஒரு நொடி வைக்கச் சொல்லுங்கள். எம்.எஸ். என்றால் பொறி நீளமாக, வெளுப்பாகப் பாயும். வார்ப்பிரும்பு என்றால் பொறி குட்டையாக, சிவந்து வரும்.

6. பூச்சு. துத்தநாகப் பூச்சு, அதாவது ஜி.ஐ. என்றால் சாம்பல் வெள்ளையாக, சில இடத்தில் பூப்பூவாக இருக்கும். அதைச் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பை முறுக்கும். பழைய பெயின்டிலும் நச்சு உலோகம் இருக்கலாம். பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குவது நல்லது.

7. பில். கம்பெனிப் பொருள் வெளியே வந்த வழி நமக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. பில்லும் எடை மேடைச் சீட்டும் இல்லாமல் எடுக்காதீர்கள். "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். திருட்டுப் பொருள் என்று வந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

கட்டுப்படியாகுமா?

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோவுக்கு 7,500. குட்டி யானை வண்டிக்கு 1,500. போல்ட், டிஸ்க், வயர் பிரஷ் 1,000. மொத்தம் 10,000 ரூபாய். பத்து வருடம் கழித்து இதையே கிலோ 30-க்குப் போட்டாலும் 4,500 வரும். ஆக தேய்மானம் 5,500, வருடத்துக்கு 550. பத்தாயிரத்தை வைப்பு நிதியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் 700 கிடைத்திருக்கும். அதையும் செலவாகவே எழுத வேண்டும். வருடத்துக்கு 1,250 ரூபாய். இரும்புக்கு மதிப்பு முழுசாகப் போகாது என்பதால்தான் பழைய மேசை கட்டுப்படியாகிறது.

வெல்டிங் மெஷினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெஷினைப் புதிதாக, உத்தரவாதத்தோடு வாங்குங்கள். மேசையைப் பழையதாக வாங்குங்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள் தனியாகச் செய்யவே வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒரு மேசை போதும்.

எங்கே, எப்படி நிறுத்துவது?

வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, விதை அறை, டீசல் இருக்கும் இடம் எதிலிருந்தும் 35 அடியாவது தள்ளி இடம் பாருங்கள். பொறி உருண்டே போகும். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமாவது திறப்பு. கீற்றுக் கொட்டகை கூடவே கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பகுதி எங்களுடையது. அதனால் தரையை ஒரு அடி உயர்த்தி, மெஷினை இடுப்பு உயரத்தில் ஷெல்ஃபில் வைக்கச் சொல்கிறேன். மேசை நனைந்தால் துருப்பிடிக்கும், தேய்த்துவிடலாம். இன்வெர்ட்டர் மெஷின் நனைந்தால் போர்டு போச்சு.

150 கிலோவை நாலு பேர் தூக்கலாம் என்று இறங்க வேண்டாம். பிளேட் வழுக்கினால் கால் விரல் போகும். பலகையைச் சாய்வாக வைத்து, அடியில் இரண்டு அங்குலக் குழாய்கள் போட்டு உருட்டி இறக்குங்கள்.

ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு எம்16 நட்டைப் பற்றவைத்து, அதில் போல்ட்டைத் தலைகீழாகப் போடுங்கள். இதுதான் மட்டம் செய்யும் கால். மண் தரை என்றால் போல்ட்டுக்கு அடியில் 6 அங்குலச் சதுரப் பிளேட். முதலில் மூன்று காலை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். நான்காவது காலைக் கடைசியில் தரையைத் தொடும் வரை இறக்கி, மூலைவிட்ட நூலை மறுபடி கட்டிப் பார்த்துக்கொண்டே திருகுங்கள். நூல் தொட்டதும் நிறுத்தி, லாக் நட்டை இறுக்கிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை மறுபடி பாருங்கள். எங்கள் களிமண் ஏறும், இறங்கும்.

உயரம்: நின்று செய்பவர்க்கு 34 முதல் 36 அங்குலம். ஸ்டூலில் உட்கார்ந்து செய்பவர்க்கு 30 போதும்.

மேல் பிளேட் சட்டத்துக்கு வெளியே சுற்றிலும் 3 அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அப்போதுதான் சி கிளாம்ப் பிடிக்கும். பிளேட் சட்டத்தோடு ஆடினால் நீளமாக ஓட்டுப் போட்டு மூடாதீர்கள். பிளேட் வில்லாக வளையும். ஒரு அங்குலம் பற்றவைத்து, ஒரு சாண் விட்டு, எதிர்ப்பக்கம் மாறி மாறிப் போடுங்கள். ஆற விடுங்கள்.

மேல்தளத்தைச் சுத்தம் செய்வது

கம்பெனி மேசையில் எண்ணெய், பெயின்ட், பழைய வெல்டிங் தெறிப்பு எல்லாம் ஒட்டியிருக்கும். இதை வயலோரம் வைத்து டீசல் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பாடு! பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே மூடி வையுங்கள். முக்கியமாக, குளோரின் கலந்த கிளீனர் எதையும் தடவி அதன் மேல் வெல்டிங் செய்யக் கூடாது. அந்த ஆவி வெல்டிங் ஒளியில் கொடிய நச்சு வாயுவாக மாறும்.

தெறிப்புகளை உளியால் தட்டி எடுத்து, மிச்சத்தை ஃபிளாப் டிஸ்க்கால் தடவி விடுங்கள். ஆழமாகத் தேய்த்தால் நாமே குழி போட்டவர்கள் ஆவோம். பள்ளம் இருந்தால் வெல்டிங்கால் நிரப்பி, மேல்மட்டத்துக்குத் தேய்க்கலாம். பெயின்ட் அடிக்க வேண்டாம். மின்சாரம் ஓட வெறும் இரும்பு தேவை. வேலை முடிந்ததும் மெல்லிசாக எண்ணெய் தடவி வையுங்கள். மறுபடி வேலை தொடங்கும்போது துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மின்சாரம்

விவசாய இலவச மின் இணைப்பு பம்புசெட்டுக்குத் தரப்பட்டது. அதில் வெல்டிங் மெஷின் போடுவது அனுமதியில்லாத பயன்பாடு. வீட்டு இணைப்பில் போடுவதானாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2.5 மி.மீ. ராடுக்கு 70 முதல் 90 ஆம்பியர் வைப்போம். அப்போது மெஷின் வீட்டு லைனிலிருந்து 16 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஃபேன், டி.வி. மாட்டும் பிளக் இதைத் தாங்காது. மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், 25 ஆம்பியர் எம்.சி.பி., கூடவே ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி உருகும். முழுசாக விரித்துப் போடுங்கள்.

வெல்டிங் எர்த் கிளாம்ப்பை மேசையில் மாட்டினால் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் பேரிங் உள்ள கருவி என்றால் கவனம். வீடர் உருளையை மேசை மேல் வைத்து, கைப்பிடியில் பற்றவைத்தால் மின்சாரம் பேரிங் வழியாக மேசைக்கு இறங்கும். உள்ளே குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் கருகிவிடும். எந்தத் துண்டில் பற்றவைக்கிறோமோ, அதே துண்டில், பக்கத்திலேயே கிளாம்ப் போட வேண்டும். பவர் டில்லர், டிராக்டர் என்றால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

ராடு பாக்கெட்டை ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துவிடும். மூடி இறுகிய டப்பாவில், விதை வைப்பது போல வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட நாலு விஷயம்

டிரம். ஜீவாமிர்தம் கலக்க, தண்ணீர் பிடிக்க என்று 200 லிட்டர் இரும்பு டிரம்மை வாங்கி வந்து, "மேல் மூடியை வெட்டிக் கொடு" என்பார்கள். எங்கள் பக்கம் கம்பெனி டிரம் மலிவு. அதில் தின்னர், சால்வென்ட், எண்ணெய் எது இருந்ததோ தெரியாது. காலி டிரம் என்று ஒன்று கிடையாது. உள்ளே ஆவி இருக்கிறது. கிரைண்டர் பொறி பட்டாலே வெடிக்கும். அறுபது வயசு அனுபவசாலிகளும் இதில் போயிருக்கிறார்கள். டிரம்மில் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம் என்று நம் பட்டறைக்கு ஒரு சட்டமே வைத்துக்கொள்வோம். ஜீவாமிர்தத்துக்கு உணவுப் பொருள் வந்த பிளாஸ்டிக் டிரம் போதும்.

மாடு. கிரைண்டர் தூள், ராடு மிச்சம், வயர் பிரஷ் கம்பி எல்லாம் தரையில் கிடக்கும். மாடு தீவனத்தை நாக்கால் பிரித்துப் பார்த்துத் தின்பதில்லை. விழுங்கிய கம்பி இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, முன்னால் குத்தி இதயம் வரை போய்விடும். கறவை குறையும், கழுத்தடி வீங்கும், பெரும்பாலும் மாடு பிழைக்காது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தரையில் இழுங்கள். ராடு மிச்சத்துக்கு மேசைக் காலில் ஒரு டப்பா மாட்டுங்கள். பட்டறைக் குப்பை எருக்குழிக்குப் போகவே கூடாது.

கண். 10 அல்லது 11 எண் கண்ணாடி உள்ள முகமூடி. கறுப்புக் கூலிங் கிளாஸ் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஒளி பட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் போட்டது போல உறுத்தும். தாய்ப்பால் விடு, வெங்காயச் சாறு விடு என்று சொல்வார்கள். எதையும் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

உடையும் தீயும். பருத்தி உடை, தோல் கையுறை, மூடிய செருப்பு. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில். மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீரைத் தொடக் கூடாது. கடைசி ராடு அணைந்த பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். பொறி புகைந்து பற்ற நேரம் எடுக்கும்.

முதல் வேலை: 25 செ.மீ. மார்க்கர்

மேசை சரியாக அமைந்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை. வேண்டியது: 25×25×3 ஆங்கிள் 1 மீட்டர் 10 செ.மீ., பல்லுக்கு 12 மி.மீ. கம்பி 15 செ.மீ. நீளத்தில் ஐந்து, கைப்பிடிக்கு முக்கால் அங்குலக் கறுப்புக் குழாய். ஜி.ஐ. குழாய் வேண்டாம்.

மேசை மேல் சாக்பீஸால் ஒரு நேர்கோடு. அதில் 25 செ.மீ.க்கு ஒரு குறி. நாலு இடைவெளி, ஐந்து குறி. ஒவ்வொரு குறியிலும் முதலில் சின்னப் பொட்டு மட்டும் வைத்துப் பல்லை நிறுத்துங்கள். மூலமட்டம் வைத்துப் பார்த்து, கோணல் என்றால் இப்போதே தட்டிச் சரிசெய்யலாம். பிறகு ஆங்கிளை மேசையோடு இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, நடுப்பல், ஒரு ஓரம், மறு ஓரம் என்று மாறி மாறி முழு ஓட்டுப் போடுங்கள். வரிசையாக ஒரே பக்கமாகப் போனால் ஆங்கிள் வாழைப்பழம் போல வளையும். கையால் தொடும் சூடு வந்த பிறகே கிளாம்ப்பைக் கழற்றுங்கள்.

கடைசியில் மார்க்கரைப் பல் கீழாக மேசையில் நிறுத்துங்கள். ஐந்து பல்லும் தொட வேண்டும். தொடாத பல் சேற்றில் கோடு போடாது. அந்த வரிசை கோணலாகும். கோணல் வரிசையில் வீடர் போனால் பயிர் மடியும். ஒரு பல்லின் கதை களையெடுப்பு வரை வருகிறது.

இந்த மேசையில் இதுவரை நாங்கள் செய்தவை: மார்க்கர் மூன்று, வீடர் கைப்பிடி, சைக்கிள் சக்கரக் களைக்கொத்தி, பழைய மண்வெட்டிக்குப் பூண், ஜீவாமிர்த டிரம் வைக்கும் ஸ்டாண்டு. ஒரு நோட்டில் தேதி, கருவி, யாருடையது, ராடு எத்தனை என்று எழுதி வைக்கிறோம். ராடுக்கும் டிஸ்க்குக்கும் ஆன காசை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம்.

கற்றுக்கொடுத்த தம்பிக்கு ஷிப்டு மாறினால் ஞாயிறு வர முடியாது. அப்போது அவர் அப்பாவே வந்து உட்காருகிறார். "என் பையன் கம்பெனியில ஒட்டுறது எந்த வண்டிக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. இங்க ஒட்டுனது நம்ம கழனியிலதான் ஓடுது" என்பார். அவருக்கு அரை ஏக்கர் கிச்சிலிச் சம்பா.

அடுத்த நடவுக்கு முன்னால், உங்கள் வீட்டு ஓரத்தில் ஒடிந்து சாய்ந்து கிடக்கும் கருவிகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் பேசி, நூலும் நாலு நட்டும் எடுத்துக்கொண்டு காயலான் கடைக்குக் கிளம்புங்கள். போகும்போது உங்கள் ஊர் வெல்டர் பையனையும் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் அவர் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார்.